கணிதம் கைவந்த கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கல்லூரி தேடுவது: திருகோணமலையிலிருந்து படிப்படியாக

திருகோணமலையில் ஒரு பிள்ளை கணிதப் பிரிவில் மூன்று ஏ எடுக்கும் என்று தெரிந்துவிட்டால் ரியூட்டரியிலும் சரி, கோயில் வாசலிலும் சரி, எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "மொறட்டுவைக்குப் போட்டு இன்ஜினியராக்குங்கோ." கணிதத்தையே படிக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்தால் வழி கேட்க ஆள் கிடைக்காது. அதோடு ஞாயிறு ஆராதனையை விட மனமில்லாத பிள்ளையாகவும் இருந்தால், தெரிந்தவர்கள் கணிதத்துக்கு ஒரு இடமும் விசுவாசத்துக்கு வேறொரு இடமும் சொல்லிக் குழப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்குமாகவே இது.

கணிதத்தில் சிறப்புப் பட்டம் தரும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் இலங்கையில் இல்லை. இங்கே படிப்பதென்றால் துறையைத் தனியாகவும் சபையைத் தனியாகவும் தேடவேண்டும். இரண்டும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் தமிழ்நாடு அல்லது அமெரிக்கா. அப்படிப் போனாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்கவேண்டும். வாசலில் சிலுவை இருப்பதால் உள்ளே நல்ல பகுப்பாய்வுப் பாடம் (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவலோடு படிப்பது) நடக்கும் என்று ஆகிவிடாது.

1. எந்தக் கணிதம் பிடிக்கிறது என்று பாருங்கள்

இணைந்த கணிதத்தில் 90 புள்ளி எடுப்பதும் கணிதம் படிக்க ஆசைப்படுவதும் வேறு வேறு. ஒரு சின்னச் சோதனை போதும். இந்தக் கேள்வியைக் கொடுங்கள்: ஆறு பேர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையொருவர் அறிந்த மூவராவது, ஒருவரையொருவர் அறியாத மூவராவது கட்டாயம் இருப்பர் என நிறுவுக.

இதற்கு உயர்தரச் சூத்திரம் எதுவும் உதவாது. பிள்ளை இரண்டு மாலை இதோடு மல்லுக்கட்டி, விடை வந்தபின் "ஐந்து பேருக்கு ஏன் சரிவராது?" என்று தானாகக் கேட்டால், தூய கணிதத்துக்கு அனுப்பலாம். "இது பாடத்திட்டத்தில் இல்லையே" என்று தள்ளிவைத்துவிட்டு, தொகையீட்டுக் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துத் தந்தால், பொறியியல், புள்ளிவிபரவியல், நிதிக் கணிதம் ஆகியவை நன்றாகப் பொருந்தும். இரண்டிலும் குறைவு எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பம் வேறு, பல்கலைக்கழகமும் வேறு. முதலாவது வகைப் பிள்ளையைப் பொறியியலுக்கு அனுப்பினால் அங்கே கணிதம் கருவியாக மட்டுமே வரும். நிறுவலைத் தேடிப் போன பிள்ளை இரண்டாம் ஆண்டில் சோர்ந்துவிடும்.

2. விசுவாசத்தில் எது கட்டாயம், எது கிடைத்தால் நல்லது

பெற்றோர் "கிறிஸ்தவக் கல்லூரி வேண்டும்" என்று சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது பாதுகாப்பான விடுதி. பிள்ளை மனதில் இருப்பது வேறாக இருக்கலாம். ஒரு தாளில் இரண்டு பந்தியாக எழுதிப் பாருங்கள். எழுதவேண்டியவை:

வாரம் ஒருமுறை தமிழில் பூசையோ ஆராதனையோ கட்டாயமா, ஆங்கிலத்தில் என்றாலும் பரவாயில்லையா? உங்கள் சபையே வேண்டுமா, எந்தச் சபை என்றாலும் சரியா? ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் குடும்பம் என்றால் சனிக்கிழமை விரிவுரையும் பரீட்சையும் பெரிய பிரச்சினை. இதை விண்ணப்பிக்க முன்பே கேட்கவேண்டும், சேர்ந்தபின் அல்ல. கணிதத்தோடு இறையியல் பாடமும் படிக்க ஆசையா? விசுவாசத்தைப் பற்றிப் பேசக்கூடிய கணித விரிவுரையாளர் வேண்டுமா?

கடைசி இரண்டும் கட்டாயப் பந்தியில் வந்தால் அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்க்கவேண்டியிருக்கும். முதல் இரண்டு மட்டும்தான் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமுமே போதும்.

3. உயர்தரத்திலேயே கதவை மூடிவிடாதீர்கள்

இரண்டு பொறிகள்.

ஒன்று, பாடத் தெரிவு. உயர் கணிதம் என்று தனிப்பாடம் உண்டு. கணிதப் பைத்தியம் பிடித்த பிள்ளை இரசாயனவியலை விட்டுவிட்டு இணைந்த கணிதம், உயர் கணிதம், பௌதிகவியல் என்று எடுக்கப் பார்க்கும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும், ஆகவே அந்தக் கதவு அன்றே மூடிவிடும். விஞ்ஞான பீடங்களிலும் எந்தப் பாடச் சேர்க்கையை எது ஏற்கும் என்பது வேறுபடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் மும்மொழியிலும் வருகிறது. 12ஆம் வகுப்பில் சேர முன்பே அதைத் திறந்து பாருங்கள். எங்கள் அபிப்பிராயம்: இரசாயனவியலை வைத்துக்கொண்டு, மேலதிகக் கணிதத்தை வீட்டில் படிக்கட்டும்.

மற்றது, மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பிரிக்கப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. உங்கள் மாவட்டம் எது என்பது பரீட்சைக்கு முன் படித்த பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படும், கடைசி மூன்று ஆண்டுகள் முக்கியம். "கொழும்பில் நல்ல மாஸ்ரர் இருக்கிறார்" என்று சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளையை அங்கே பாடசாலை மாற்றினால் திருகோணமலை ஒதுக்கீடு கைவிட்டுப் போகலாம். மாஸ்ரரை இணையவழியில் பிடிக்கலாம். ஒதுக்கீட்டை அப்படிப் பிடிக்க முடியாது.

4. உள்நாடு: விருப்பு வரிசையை எழுதும் முறை

அடிப்படைத் தகுதி ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. அதற்குமேல் எல்லாம் இசட் புள்ளியும் நீங்கள் எழுதும் வரிசையும்தான்.

கணிதத்தை முதன்மையாகப் படிக்க "பௌதிக விஞ்ஞானம்" என்ற நெறியைத் தேடுங்கள். கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம், றுகுணு, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோகக் கணிதமும் கணினியும் சேர்ந்த நெறி இருக்கிறது. கொழும்பில் கைத்தொழிற் புள்ளிவிபரவியலும் கணித நிதியும், பேராதனையில் புள்ளிவிபரவியலும் செயற்பாட்டு ஆய்வும் தனி நெறிகள், இவற்றுக்குத் தனிக் குறியீட்டு இலக்கம். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் வீட்டிலிருந்து போய்வரக்கூடியது. ஆனால் அங்குள்ள பிரயோக விஞ்ஞான பீடம் கணினி விஞ்ஞானத்துக்குப் பொருந்துமே தவிர தூய கணிதத்துக்கு அல்ல. "பக்கத்திலேயே கம்பஸ் இருக்கே" என்று முதலில் போடவேண்டாம்.

இனி அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். கணினி உங்கள் விருப்பங்களை மேலிருந்து கீழாகப் பார்க்கும். புள்ளி போதுமான முதல் விருப்பத்தைத் தந்துவிட்டு நிறுத்திவிடும். கீழே இருப்பவை பார்க்கப்படமாட்டா. கணிதம் படிக்க விரும்பும் பிள்ளை, "பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி கூட, அதனால் மேலே போடுவோம்" என்று எழுதினால் பொறியியல்தான் கிடைக்கும். வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பது வரிசைக்கு வேண்டியதில்லை. எதைப் படிக்க விருப்பமோ அதை அந்த ஒழுங்கில் எழுதுங்கள். இதை வீட்டில் சண்டை பிடித்தாவது விண்ணப்பத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவு, மாமாவும் சித்தப்பாவும் தொலைபேசியில் இருக்க, வரிசையை மாற்றும் வேலை வேண்டாம்.

இன்னொன்று: ஒரு நெறிக்குப் பதிவு செய்தபின் அடுத்த ஆண்டு திரும்ப விண்ணப்பிக்கக் கட்டுப்பாடு உண்டு. மீண்டும் பரீட்சை எடுக்க எண்ணியிருந்தால், பதிவுக்கு முன் கைநூலில் அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள்.

சபை விடயம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ் ஆராதனைக்குப் பஞ்சமில்லை. வந்தாறுமூலை மட்டக்களப்பு நகருக்கு வடக்கே இருப்பதால் ஞாயிறு காலை பஸ் நேரத்தைப் பார்த்துவைக்கவேண்டும். கொழும்பில் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் தமிழில் கிடைக்கும். ஆனால் களனியிலோ ஹோமாகமைப் பக்கமோ போர்டிங் எடுத்தால் ஞாயிறு ஒரு பஸ் பயணம். பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே ஃபோகஸ் என்ற கிறிஸ்தவ மாணவர் ஐக்கியமும், கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் உண்டு. கத்தோலிக்கப் பிள்ளை என்றால் உங்கள் பங்குத் தந்தையிடம், போகும் மறைமாவட்டத்தில் மாணவர்களைக் கவனிக்கும் குருவானவர் யார் என்று கேட்டு ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போகட்டும்.

5. கணிதத் துறையை உள்ளே திறந்து பார்ப்பது

எந்த நாடானாலும் இந்தப் படி ஒன்றுதான். பெயர், கட்டிடம், தரவரிசை எதையும் பார்க்கவேண்டாம். நான்கு கடதாசிகளைத் தேடுங்கள்.

முதலாவது, பாடத்திட்டம். மெய்ப் பகுப்பாய்வு இரண்டு பருவமாவது இருக்கவேண்டும். கூட்டங்கள் (groups), வளையங்கள் (rings) வரும் அருவ அட்சரகணிதம், நிறுவலோடு கூடிய ஏகபரிமாண அட்சரகணிதம், சிக்கற் பகுப்பாய்வு (complex analysis), இடத்தியல், அளவைக் கோட்பாடு ஆகியவை கடைசி ஆண்டுக்குள் வரவேண்டும். பட்டியலில் இருப்பது போதாது. விருப்பத்தேர்வுப் பாடங்கள் சில ஆண்டுகள் ஆசிரியர் இல்லாமல் நடப்பதே இல்லை. "கடைசி மூன்று ஆண்டுகளில் இடத்தியல் எத்தனை தரம் நடந்தது?" என்று அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, பழைய வினாத்தாள். இதுதான் உண்மையைச் சொல்லும். இரண்டாம் ஆண்டுப் பகுப்பாய்வுத் தாளை எடுங்கள். அதில் "மூடிய ஆயிடை [0,1] இல் தொடர்ச்சியான ஒவ்வொரு சார்பும் சீராகத் தொடர்ச்சியானது என நிறுவுக. திறந்த ஆயிடையில் இது பிழைக்கும் என்பதற்கு உதாரணம் தருக" என்ற மாதிரிக் கேள்வி இருந்தால் துறை வேலை செய்கிறது. "பின்வரும் எல்லையைக் காண்க", "பின்வரும் தொடர் ஒருங்குமா எனச் சோதிக்க" என்பவை மட்டுமே நான்கு ஆண்டுத் தாள்களிலும் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே குறிப்பைப் பாடமாக்கி 80 எடுக்கலாம். முன்னேறிய பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை.

மூன்றாவது, விரிவுரையாளர் பட்டியல். கலாநிதிப் பட்டம் உள்ளவர் எத்தனை பேர், எந்தப் புலத்தில், அவர்களில் எத்தனை பேர் இப்போது நாட்டில் இருக்கிறார்கள். மேற்படிப்புக்கும் விடுமுறைக்கும் வெளிநாடு போனவர்களின் பெயரும் பட்டியலில் நிற்கும்.

நான்காவது, சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கும் விதி. எங்கள் விஞ்ஞான பீடங்களில் முதலில் மூன்று பாடங்கள் படித்து, பிறகு புள்ளிச் சராசரியைக் கொண்டே நான்கு ஆண்டுச் சிறப்பு நெறிக்குத் தெரிவு நடக்கும். கணிதத்தில் ஏ, பௌதிகவியலில் சி என்றால் தெரிவாகாமல் போகலாம். எத்தனை பேரை எடுக்கிறார்கள், எந்தப் பாடங்களின் புள்ளி சேரும் என்று முதலே கேளுங்கள்.

பிள்ளை முதலாம் ஆண்டுப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டது என்றால், இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் அதைத் தாண்டிவிட வழி பெரும்பாலும் இல்லை. எல்லாரோடும் இருந்து படிக்கவேண்டும். மேல் வகுப்பு விரிவுரையில் பின்வரிசையில் உட்கார ஒரு விரிவுரையாளர் அனுமதித்தால் அதுவே பெரிய உதவி. அமெரிக்கக் கல்லூரிகளில் தகுதித் தேர்வு எழுதி நேரே மேல்நிலைப் பாடத்துக்குப் போகலாம்.

6. தமிழ்நாடு

கிறிஸ்தவ நிறுவனங்கள் என்று பார்த்தால் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நுங்கம்பாக்கத்தில் இலயோலா, திருச்சியில் புனித வளனார் கல்லூரியும் பிஷப் ஹீபர் கல்லூரியும், மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி. பெண் பிள்ளைகளுக்குச் சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ், மதுரையில் லேடி டோக். விடுதி, சிற்றாலயம், தமிழ், தெரிந்த சாப்பாடு எல்லாம் கிடைக்கும். பிள்ளை தனித்துப்போகாது. கத்தோலிக்க மாணவர்களுக்கு ஐக்கஃப், மற்றச் சபைப் பிள்ளைகளுக்கு யுஇஎஸ்ஐ என்று மாணவர் அமைப்புகளும் வலுவாக இருக்கின்றன.

கணிதம்தான் கேள்வி. இலயோலாவில் கற்பித்த இயேசு சபைக் குரு சார்ல்ஸ் ரசீனிடம் படித்துத்தான் சேஷாத்திரியும் எம். எஸ். நரசிம்மனும் உலகறிந்த கணிதர்கள் ஆனார்கள். அந்தச் சேஷாத்திரி பிற்காலத்தில் தொடங்கிய சென்னைக் கணிதவியல் நிறுவனம் சிறுசேரியில் இருக்கிறது. அது கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. ஆனால் நிறுவலைத் தேடும் முதலாவது வகைப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. கல்லூரிகளில் இளங்கலைக் கணிதம் ஒழுங்காக நடக்கும். ஆனால் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் முதல் பருவத்திலேயே நிறுவலில் தொடங்குவார்கள். நுழைவுத் தேர்வின் ஒரு பகுதி குறுவிடை, மறுபகுதி முழு நிறுவல். பழைய தாள்கள் அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசம். உயர்தரப் பாடத்திட்டத்தை மட்டும் நம்பிப் போனால் நிறுவல் பகுதியில் விழவேண்டிவரும், ஆறு மாதமாவது தனியாகப் பழகவேண்டும். பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத் நெறியும் அதே தரம்.

விண்ணப்பத்தில் மூன்று பொறிகள்:

கிறிஸ்தவக் கல்லூரிகள் சிறுபான்மை நிறுவனங்கள் என்பதால் கிறிஸ்தவ மாணவருக்கென இடம் ஒதுக்கும். ஆனால் நீங்கள் வெளிநாட்டு மாணவர். அந்த ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்துமா, கட்டணம் எந்தப் பந்தியில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் கட்டணம் பெரும்பாலும் உள்ளூர் மாணவருக்கானது.

ஒரே கல்லூரியில் ஒரே கணிதம் அரசு உதவி பெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் நடக்கலாம். கட்டணம் வேறு, நேரம் வேறு, சில வேளை ஆசிரியரும் வேறு. எந்தப் பிரிவு என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பட்டம் கல்லூரியின் பெயரில் வராது. சென்னைக் கல்லூரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சிக் கல்லூரிகளுக்குப் பாரதிதாசன், அமெரிக்கன் கல்லூரிக்கு மதுரை காமராசர். பிற்காலத்தில் இங்கே பட்டதாரி ஆசிரியராகவோ விரிவுரையாளராகவோ வர விருப்பமென்றால், மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தின் கால அளவையும் ஏற்கிறதா என்று போக முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுப் பட்டம் இங்கே சிறப்புப் பட்டத்துக்குச் சமமாகக் கணக்கில் வராமல் போகக்கூடும்.

இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் இளங்கலைக்கு உண்டு, கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஆண்டுதோறும் அறிவிக்கும். பல்கலைக்கழகத் தெரிவில் உங்கள் விருப்பம் முழுதாக நிறைவேறும் என்று எதிர்பார்க்கவேண்டாம். ஆனால் செலவு கணக்கில் எடுத்தால் விட்டுவிடக்கூடாத வாய்ப்பு.

7. அமெரிக்கா

நல்ல கணிதமும் கிறிஸ்தவ அடையாளமும் ஒன்றாக உள்ள கல்லூரிகள் அதிகம் உள்ள நாடு இது. ஆனால் "கிறிஸ்தவ" என்பதன் அளவு கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். இலினோயிலுள்ள வீட்டன் கல்லூரியில் மாணவர் ஒரு கூட்டு வாழ்வு உடன்படிக்கையை ஏற்று ஒப்பமிடவேண்டும், ஆராதனைக்கு வருகை கட்டாயம். மிச்சிகனிலுள்ள கால்வின் பல்கலைக்கழகம் சீர்திருத்தத் திருச்சபை மரபு, அங்கே விசுவாச அறிக்கைக்குக் கட்டுப்படுபவர்கள் ஆசிரியர்கள். மினசோட்டாவிலுள்ள செயின்ற் ஓலாஃப் லூத்தரன் மரபு, கணிதம் படிப்போர் எண்ணிக்கைக்குப் பெயர்போனது. நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், கலாநிதி ஆய்வு வரை நடக்கும் பெரிய கணிதத் துறை. எந்த மதத்தவரும் சேரலாம்.

உடன்படிக்கை உள்ள கல்லூரி என்றால் அதை முழுதாக அச்செடுத்துப் பிள்ளையும் பெற்றோரும் உங்கள் போதகரோடு இருந்து வாசியுங்கள். திருகோணமலைக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குச் சாதாரணமாக இருக்கும் சில விடயங்கள் அங்கே விதிமீறலாக இருக்கலாம். கணிதமும் விசுவாசமும் பற்றி எழுதும் பேராசிரியர்களைத் தேட, கணித அறிவியல்களில் உள்ள கிறிஸ்தவர்களுக்கென அமெரிக்காவில் ஒரு சங்கம் உண்டு. அவர்களுடைய மாநாட்டு உரைகளைப் பார்த்தால் எந்தக் கல்லூரியில் யார் என்று தெரியும். அவர்களுக்கு நேரே மின்னஞ்சல் எழுதலாம், பெரும்பாலானோர் பதில் போடுவார்கள்.

பணம்தான் முடிவைத் தீர்க்கும். உதவி கேட்பதே அனுமதியைப் பாதிக்கும் கல்லூரிகளும் உண்டு, பாதிக்காத சிலவும் உண்டு. நோட்டர் டேம் 2024இல், வெளிநாட்டு மாணவரையும் சேர்த்து, பண வசதி பார்க்காமல் அனுமதிப்பதாக அறிவித்தது. சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகள் முழு உதவி தருவது அரிது. "பாதிக் கட்டணம் தள்ளுபடி" என்று கடிதம் வந்ததும் துள்ளவேண்டாம், மிச்சப் பாதி திருகோணமலையில் ஒரு காணி விலை.

விண்ணப்பக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், அதற்குப் பாடசாலை அதிபரின் கடிதம் போதும். கொழும்பிலுள்ள ஃபுல்பிரைற் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கிடைக்கும். பணம் வாங்கும் முகவரிடம் போகமுன் அங்கே கேளுங்கள்.

8. ஆவணங்கள்: பெயரில்தான் சிக்கும்

திரட்டவேண்டியவை: பிறப்புச் சான்றிதழும் அதன் சத்தியப்பிரமாண ஆங்கில மொழிபெயர்ப்பும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள் ஆங்கிலத்தில் (பரீட்சைத் திணைக்களத்தின் இணையச் சேவையில் எடுக்கலாம்), பாடசாலை விடுகைப் பத்திரம், கடவுச்சீட்டு, ஞானஸ்நானச் சான்றிதழ், போதகர் அல்லது பங்குத் தந்தையின் கடிதம், கணித ஆசிரியரின் பரிந்துரை.

சிக்கல் இப்படி வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் அதற்கு முன்னே ஒரு புனிதரின் பெயர் சேர்ந்திருக்கும். பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். வெளிநாட்டில் கோப்பைப் பார்ப்பவருக்கு இது நான்கு ஆட்கள். கடவுச்சீட்டு எடுக்கமுன்பே ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெறுபேற்றோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். புனிதர் பெயர் மாறுபாட்டுக்குப் பங்குத் தந்தையின் உறுதிக் கடிதமும், சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கூற்றும் போதும்.

ஞானஸ்நானச் சான்றிதழ், ஞானஸ்நானம் நடந்த பங்கில் மட்டுமே கிடைக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ தமிழ்நாட்டு முகாமிலோ ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்றால் அந்தப் பங்குக்கு இப்போதே எழுதுங்கள்.

போதகர் கடிதத்தில் "நற்பண்புள்ளவர், ஒழுங்காக ஆலயம் வருபவர்" என்று இரண்டு வரி போதாது. எத்தனை ஆண்டாகத் தெரியும், ஞாயிறு பாடசாலையிலோ பாடகர் குழுவிலோ என்ன செய்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். கணித ஆசிரியரின் கடிதத்திலும் அப்படித்தான்: வகுப்பில் முதலாவது என்பதைவிட, பிள்ளை பாடத்திட்டத்துக்கு வெளியே என்ன படித்தது, எந்தக் கேள்வியை எப்படித் தீர்த்தது என்பதே எடுபடும்.

கடவுச்சீட்டுக்குச் சாதாரண சேவை 10,000 ரூபா, ஒருநாள் சேவை 20,000 ரூபா. எங்களுக்குக் கிட்டிய பிராந்திய அலுவலகம் வவுனியா. அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் படம் எடுத்து அந்தச் சிட்டையையும் கொண்டுபோகவேண்டும், வேறு படம் ஏற்கமாட்டார்கள். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலும் கொன்சியூலர் அலுவலகம் உண்டு.

9. செலவு

உள்நாட்டில் கல்விக் கட்டணம் இல்லை. விடுதி கிடைக்காத ஆண்டுகளில் போர்டிங், சாப்பாடு, மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் பஸ், ஒரு மடிக்கணினி. மகாபொல உதவி 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் பிந்தும், ஆகவே முதல் அரையாண்டுப் பணத்தை வீட்டில் ஒதுக்கிவையுங்கள். விண்ணப்பத்தில் வருமான விபரம் பிரதேச செயலக உறுதிப்படுத்தலோடு போகவேண்டும். நகரப் பகுதியாருக்குப் பட்டினமும் சூழலும் செயலகம், அதற்கு முன் கிராம சேவகர்.

இந்தியாவுக்கு: கட்டணம், விடுதி, விசா, விமானம். போய் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழிப் பதிவு. இதைத் தவறவிட்டால் தண்டம். மாணவர் விசா அந்தக் கல்லூரிக்கே கட்டுப்பட்டது, கல்லூரி மாற அனுமதி எடுக்கவேண்டும்.

அமெரிக்காவுக்கு: அனுமதி கிடைத்தபின் செவிஸ் எனப்படும் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185 டொலர். ஆங்கிலத் தேர்வும் தராதரத் தேர்வும் வேறு. விசா மறுத்தாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது.

10. காலக்கணக்கு

2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் டிசம்பரில் நடந்து பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. இந்த ஒழுங்கை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விண்ணப்பக் காலம் பெறுபேற்றோடு நேரே பொருந்தும். ஆவணங்கள் ஏப்ரலுக்கு முன்பே தயாராக இருக்கவேண்டும். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் விண்ணப்பம் அதற்கும் முந்தியே மூடிவிடும், தேர்வு மே மாதத்தையொட்டி வரும். பெறுபேறு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆண்டு போய்விடும்.

அமெரிக்க விண்ணப்பங்களின் முடிவுத் திகதிகள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. அதாவது பிள்ளை பரீட்சை மண்டபத்தில் இருக்கும் அதே வாரங்கள். இரண்டையும் சேர்த்துச் சுமந்தால் இரண்டும் கெடும். பெறுபேறு வந்தபின் அந்த ஆண்டின் இறுதியில் விண்ணப்பிக்கட்டும். இடைப்பட்ட காலத்தில் உள்நாட்டு விண்ணப்பத்தையும் கட்டாயம் போடுங்கள். வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து, வகுப்பு தொடங்க மாதக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் ஆங்கிலத்தைத் திருத்தட்டும். உயர்தரத்தைத் தமிழில் படித்த பிள்ளைக்கு எங்கள் விஞ்ஞான பீடங்களிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான், கணிதத்தில் தடுமாறாத பிள்ளை அங்கேதான் முதலில் தடுமாறும்.

11. சேர்ந்த பிறகு முதல் மாதம்

முதல் ஞாயிறே ஆலயத்துக்குப் போகட்டும். "கொஞ்சம் பழகினபிறகு" என்று தள்ளினால் ஒரு பருவம் ஓடிவிடும்.

உள்நாட்டில் பகிடிவதை உண்டு. குடிக்கச் சொல்வதும் கெட்ட பாட்டுப் படிக்கச் சொல்வதும் விசுவாசமுள்ள பிள்ளைக்கு இரட்டை நெருக்கடி. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரே முறையிடலாம். முறைப்பாட்டு இலக்கத்தைப் போக முன்பே தொலைபேசியில் பதிந்துகொடுங்கள். கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் உள்ள ஒரு மூத்த மாணவரை முன்கூட்டியே அறிமுகப்படுத்திவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சிறப்பு நெறித் தெரிவுக்கு முதலாம் ஆண்டுப் புள்ளியும் சேரும் இடங்களில், முதல் பருவத்தில் சபையிலோ சங்கத்திலோ எந்தப் பொறுப்பும் ஏற்கவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பாடகர் குழுவில் நின்று பாடலாம். செயலாளராக வேண்டாம்.